எழுபத்து மூன்றாம் கட்டம்

அலுவலகத்தில் என் வீட்டுக்காரருக்கு மோப்பம் என்று பெயர். கேலிக்கு வைத்தது, நிலைத்துவிட்டது. இப்போது தபால்காரர்கூட வாசலில் நின்று, "மோப்பம் சார் வீடு இதுதானே?" என்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெற்றவர்கள் பார்த்துப் பார்த்து வைத்த பெயர் வங்கிப் புத்தகத்தில் தூங்குகிறது.

பெயர் பொருத்தமில்லை என்று மட்டும் சொல்ல மாட்டேன். அவர் வனவிலங்குக் கணக்கெடுப்பு அலுவலகத்தில் கள நடையாளர். வனம் என்றதும் மரத்தையும் மலையையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அவர் நடப்பதெல்லாம் ஊரை ஒட்டிய வயல், வாய்க்கால், செங்கல் சூளை, சரக்குக் கிடங்கு, மனை பிரித்துக் கல் நட்ட பொட்டல். அங்கெல்லாம் நீர்நாய் இருக்கிறது என்று அவர் சொன்னபோது, கல்யாணமான புதிதில், ஆள் நன்றாகக் கதை விடுகிறார் என்றுதான் நினைத்தேன். உண்மையாகவே இருக்கிறது. நம் குப்பைக்கும் சத்தத்துக்கும் நடுவே நீந்தி வந்து, மீனைப் பிடித்துத் தின்றுவிட்டு, கரைக் கல்லின் மேல் எச்சம் போட்டுவிட்டுப் போகும். மீன் முள்ளும் செதிலும் கலந்த அந்த எச்சத்தின் கவிச்சி இவருக்குப் பத்தடி தள்ளியே தெரிந்துவிடும். மற்றவர்கள் குனிந்து தேடிக்கொண்டிருப்பார்கள். இவர் நின்ற இடத்திலிருந்தே, "அந்தக் கல்லுக்குப் பின்னால பாருங்க" என்பார். இருக்கும்.

மாதிரிக்கு எடுத்து வரும் எச்சத்தைச் சின்ன டப்பாக்களில் போட்டு, நாள் எழுதி ஒட்டி, என் சமையலறை அலமாரியின் கீழ்த்தட்டில் அடுக்கிவிடுவார். சண்டை போட்டுப் பார்த்தேன், நடக்கவில்லை. ஒரு தடவை என் அண்ணன் காபிப்பொடி என்று நினைத்து ஒன்றைத் திறந்துவிட்டார். அதிலிருந்து எங்கள் வீட்டில் அவர் தண்ணீரைத் தவிர எதையும் வாயில் வைப்பதில்லை.

மனிதருக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. ஞாயிற்றுக்கிழமைகூட விடிந்ததும் பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் இருக்கும் குளத்துக்குப் போய்விடுவார். எங்கள் தெருவிலிருந்து பத்து நிமிட நடை. அந்தக் குளத்தில்தான் அவர் முதன்முதலில் நீர்நாயைக் கண்ணால் பார்த்தார். ஒரு ஜோடி. அது போய் அதன் பிள்ளைகள், பிள்ளைகளின் பிள்ளைகள் என்று ஒரே ஒரு குடும்பம் அங்கே வழிவழியாகக் குடியிருக்கிறது. திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சேதி சொல்வார். "இந்த வருஷம் குட்டி மூணு. ஒண்ணு பயங்கர சோம்பேறி. உன்னை மாதிரி." நான் கரண்டியை ஓங்குவேன்.

என் தொழிலையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வினை அங்கேதான் இருக்கிறது. பதிவு அலுவலக வாசலில் மேசை போட்டு, வருகிறவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிறேன். பத்தொன்பது வருடம். என் கையெழுத்தில் போன தாளை ஜன்னலில் உள்ளவர்கள் படித்துக்கூடப் பார்க்காமல் முத்திரை குத்துவார்கள். அதற்கு ஒரே காரணம், நான் ஒரு கட்டத்தையும் காலியாக விடமாட்டேன். பொருந்தாத இடத்தில் கோடு, எண் கேட்கும் இடத்தில் பூஜ்யம். காலிக் கட்டத்தைப் பார்த்தாலே எனக்குக் கை துறுதுறுக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் அலுவலகத்தில் ஒரு பெரிய வேலை ஆரம்பித்தது. ஊரைச் சுற்றியுள்ள நிலத்தை நூற்று எண்பத்து நான்கு கட்டமாகப் பிரித்தார்கள். ஒவ்வொன்றிலும் நீர்க்கரையைப் பத்துத் துண்டாகப் பிரித்து நடந்து, துண்டுக்கு எத்தனை நீர்நாய் எச்சம் என்று படிவத்தில் எழுத வேண்டும். கடைசியில் அதில் பன்னிரண்டு கட்டத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்தப் பன்னிரண்டில் ஐந்து வருடத்துக்கு யாரும் கரையை வெட்டக்கூடாது, சிமெண்ட் பூசக்கூடாது, தண்ணீரைத் தூர்க்கக்கூடாது. பன்னிரண்டுக்கு மேல் காவல் பார்க்க அவர்களிடம் ஆள் கிடையாது. மிச்சக் கட்டங்களின் பாடு அவரவர் பாடு.

இவர் நடந்தார். எட்டு மாதம், வெயிலும் சகதியும். பென்சிலால் நோட்டில் கிறுக்கிக்கொண்டு வருவார். நடந்தவரே கைப்பட படிவத்தை நிரப்ப வேண்டும் என்பது விதி. ஆனால் அவருடைய கோழிக் கிறுக்கலை அவராலேயே மறுநாள் படிக்க முடியாது. முதல் இரண்டு படிவமும் திரும்பி வந்தன. "நீதான் எழுதிக் குடேன்" என்று கெஞ்சினார். நானும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, நோட்டைப் பார்த்து நூற்று எண்பத்து நான்கு படிவத்தையும் முத்து முத்தாக எழுதிக் கொடுத்தேன். அலுவலகத்தில் வரைபடம் போடும் மேடம் அவற்றை வேறு விலங்குகளைக் கணக்கெடுக்கும் நடையாளர்களிடம் காட்டி, "எழுதினா இப்படி எழுதணும்" என்றாராம். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

எல்லாம் சேர்ந்து வரைபடம் சுவரில் ஏறிய அன்று இவர் முகம் செத்துப்போய் வந்தார். சாப்பிடவில்லை. கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தார்.

"எழுபத்து மூணு வெள்ளையா இருக்கும்மா" என்றார்.

"இருந்தா என்ன?"

"எழுபத்து ரெண்டுல எச்சம் இருக்கு. எழுபத்து நாலுல இருக்கு. ஒரே ஓடை. நடுவுல மட்டும் எப்படி இல்லாம போகும்? அது என்ன பறந்தா போகுது?" நின்றார். "நான்தான் நடந்திருக்கேன். பத்துத் துண்டும் பூஜ்யம்னு படிவம் சொல்லுது. அப்ப என் மூக்கு அன்னைக்கே வேலை செய்யல."

அவர் குளிக்கப் போனதும் நாற்காலி போட்டு ஏறி, பரணில் இருந்த நோட்டு மூட்டையை இறக்கினேன். எழுபத்து மூன்றாம் பக்கம். நாள் எழுதியிருந்தது. கீழே துண்டுக்கு ஒன்றாகப் பத்துக் கட்டம், பத்தும் காலி.

அந்த நாள் எனக்கு மறக்குமா? பதிவு அலுவலகப் படியில் தடுக்கி விழுந்து என் கணுக்கால் பூசணிக்காய் போல வீங்கிய நாள். "உடனே வாங்க" என்று போனில் அலறினேன். அவர் அப்போதுதான் அந்தக் கட்டத்தின் பாலத்தில் இறங்கியிருந்தார். போட்டது போட்டபடி ஓடி வந்தார். அடுத்த வாரம் போகிறேன் என்றார், மழை பிடித்துக்கொண்டது, அதற்கடுத்த வாரம் வேறு கட்டம், அப்படியே மறந்துபோயிற்று. நான் காலை முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு படிவம் எழுதினேன். காலிக் கட்டம் பத்தைப் பார்த்தேன். கை துறுதுறுத்தது. பத்து பூஜ்யம் போட்டேன். ஒன்றும் கிடைக்கவில்லைபோல, அதுதான் எழுதவில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். கேட்கக்கூட இல்லை. புத்தி கெட்டவள்.

சொல்லியிருக்க வேண்டும். ஒன்பது நாள் சொல்லவில்லை. சொன்னால் விதியை மீறியதற்கு அவர் வேலைக்கே உலை வைப்பார்கள், நூற்று எண்பத்து நான்கு படிவத்தையும் குப்பையில் போடுவார்கள், எட்டு மாத நடை வீண். இப்படி எனக்கு நானே வக்காலத்து வாங்கிக்கொண்டேன். பூட்டிய கதவைத் திரும்பப் போய்ப் பூட்டினேன். ஒரு அம்மாளின் விண்ணப்பத்தில் தகப்பனார் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எங்கள் வீட்டு முகவரியை எழுதினேன்.

அவர் பாடு அதைவிட மோசம். சோப்பை முகர்ந்தார். மண்ணெண்ணெயை முகர்ந்தார். என் தலையை முகர்ந்து, "என்ன எண்ணெய் மாத்தினியா?" என்றார். வெளியூர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் எங்கள் மகள் லீவுக்கு வந்தவள், அப்பாவின் கண்ணைத் துணியால் கட்டி, ஆறு சீசாவை ஒவ்வொன்றாக மூக்கருகே நீட்டினாள். ஆறும் சரி. "பாத்தீங்களா, சும்மா அலட்டிக்காதீங்க" என்றாள். "வெங்காயம் யாருக்குத்தான் தெரியாது?" என்று துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டு எழுந்து போனார். ஐம்பத்தாறு வயதில் மனிதர் தன் மூக்கையே சந்தேகப்பட்டு நிற்பதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

பட்டியல் முடிவாகும் கூட்டம் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு. புதன்கிழமை காலை அவர் என் முன்னால் ஒரு தாளை வைத்தார்.

"இதைக் கொஞ்சம் நல்லா எழுதிக் குடும்மா. உன் எழுத்துல."

கிறுக்கலைப் படித்தேன். தனக்கு மோப்பம் குறைந்துவிட்டது, எழுபத்து மூன்று போல வேறு கட்டங்களிலும் தவறவிட்டிருக்கலாம், இனி தன்னைக் களத்துக்கு அனுப்ப வேண்டாம், அலுவலகத்தில் வேறு வேலை எதுவாக இருந்தாலும் சரி என்று எழுதியிருந்தது. பேனாவைத் திறந்தேன். "ஐயா" என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் கை ஓடவில்லை.

"கிளம்புங்க" என்றேன். "ஆபீசுக்கு. நானும் வரேன்."

"நீ எதுக்கு?"

"வாங்கன்னா வாங்க. அந்த நோட்டு மூட்டையை இறக்குங்க."

மேடம் எங்கள் மகளைவிட நாலைந்து வயது பெரியவர், அவ்வளவுதான். சுவர் முழுக்க வரைபடம், மேசை முழுக்க என் கையெழுத்து. நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரியும்.

"மேடம், இந்தப் படிவமெல்லாம் நான் எழுதினது. எழுபத்து மூணுல இவர் நடக்கவே இல்ல. நான் விழுந்துட்டேன்னு பாதியில வந்துட்டார். பூஜ்யம் போட்டது நான்."

மேடம் படிவத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதைக் காட்டித்தானே எல்லாரையும் திட்டினேன்!" என்றார். பிறகு குரல் ஏறியது. "பாக்காத இடம் வேற, பாத்து ஒண்ணும் கிடைக்காத இடம் வேறங்க. காலியா விட்டிருந்தா வரைபடத்துல சாம்பல் நிறம் வந்திருக்கும், நானே மறுபடி ஆள் அனுப்பியிருப்பேன். பூஜ்யம் போட்டா அங்க மிருகமே இல்லன்னு அர்த்தம். கரையைக் கட்டிக்கோன்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி!"

நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். என் கவனமெல்லாம் இவர்மேல் இருந்தது. சுவரோரமாக நின்றவர் மெதுவாகக் கேட்டார்.

"அப்ப என் மூக்கு?"

"உங்க மூக்குக்கு ஒரு கேடும் இல்லை" என்றேன். அழுகை வந்துவிட்டது. அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ஒன்பது நாள் என்று மனதுக்குள் எண்ணிப் பார்த்திருப்பார். மூட்டையை மேசைமேல் வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போய்விட்டார்.

மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு மேடமும் நானும் எச்சக் கவிச்சி அடித்த நோட்டையும் படிவத்தையும் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தோம். பகல் ஒரு மணி ஆயிற்று. எழுபத்து மூன்றைத் தவிர எல்லாம் சரி. மேடம் கணினியில் அதைச் சாம்பல் நிறமாக்கினார். பிறகு இவரைக் கூப்பிட்டார்.

"நாளைக்குப் பத்து மணி வரைக்கும் டைம். இன்னைக்கே நடந்து, உங்க கையால எழுதிக் குடுத்தா ஏத்துக்கறேன். ஆனா ஒண்ணு சொல்லிடறேன், பிறகு என்கிட்ட வரக்கூடாது." வரைபடத்தில் விரல் வைத்தார். "எழுபத்து மூணுல எச்சம் இருந்தா, மூணு கட்டமும் ஒரே ஓடையா சேருது. மத்த ரெண்டும் ஏற்கெனவே பட்டியல்ல இருக்கு, இதுவும் கண்டிப்பா வரும். அப்ப பன்னிரண்டாவது இடத்துல இருக்கறது வெளியே போகும்."

"பன்னிரண்டாவது எது?" என்று கேட்டார். கேட்கும்போதே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"முப்பத்தொண்ணு. உங்க பணிமனைக் குளம். சுத்திலும் ரோடு, ஒரே ஒரு குடும்பம், வெளியேற வழியில்ல. ஓடையில எத்தனையோ குடும்பம் வாழலாம். நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க? பன்னிரண்டுதான்."

ஓடைக்குப் போன பேருந்தில் நானும் ஏறினேன். இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நானாகவே, "என்னையும் கூட்டிட்டுப் போறதுக்கு நன்றி" என்று இடித்துப் பார்த்தேன். பாலத்தில் இறங்கினோம். ஒரு பக்கம் கிடங்குகளின் தகரச் சுவர், மறுபக்கம் அறுத்துப் போட்ட வயல், நடுவில் முழங்கால் ஆழத்துக்கு ஓடை. கரையைக் கட்டுவதற்காக ஏற்கெனவே கல் கொண்டுவந்து குவித்திருந்தார்கள்.

முதல் துண்டு, ஒன்றுமில்லை. இரண்டு, மூன்று, ஒன்றுமில்லை. ஒவ்வொன்றுக்கும் நின்று பூஜ்யம் போட்டார். இருக்க வேண்டும் என்று ஒரு மனம், இருக்கக்கூடாது என்று ஒரு மனம். நாலாவது துண்டில், ஓடை வளைகிற இடத்தில் தட்டையான ஒரு பாறை. அவர் அதற்கு முன்னால் கொஞ்சம் தயங்கினார். பிறகு நடையை எட்டிப் போட்டார்.

"இங்கயும் ஒண்ணுமில்ல. வா."

நான் நின்றுவிட்டேன்.

"என்னங்க."

"நேரமாகுது, வா."

"எனக்கே அடிக்குதுங்க."

"சகதி நாத்தம்." திரும்பிப் பார்க்கவில்லை.

"இருபத்தாறு வருஷமா இந்த நாத்தத்தோட குடித்தனம் பண்றேன். சகதி எது, இது எதுன்னு எனக்குத் தெரியாதா?"

அவர் அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டார். செருப்பைக் கழற்றினார், மறுபடி போட்டார். இத்தனை வருடத்தில் அந்த மனிதர் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. சொல்லவும் தெரியவில்லை, பாவம்.

"முப்பத்தொண்ணு போயிடும்மா" என்றார்.

"தெரியும்."

"இந்த வருஷம் மூணு குட்டி."

"அதுவும் தெரியும். நீங்கதான் சொன்னீங்க."

"நான் இதை எழுதாம விட்டா யாருக்குத் தெரியும்?"

பக்கத்தில் உட்கார்ந்தேன். "எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும். நான் ஒன்பது நாள் அப்படி இருந்து பாத்துட்டேன். பூட்டின கதவையே போய்ப் பூட்டிட்டிருந்தேன். உங்களுக்கு அது வேண்டாங்க."

அவர் எழுந்து பாறைக்குப் போனார், குனிந்தார், எண்ணினார். பாறையின் மேல் நான்கு, பின்னால் இரண்டு. பென்சிலை எடுத்தார். பழக்கதோஷத்தில் நான் கை நீட்டினேன். அவர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு தானே எழுதினார். மிச்ச ஆறு துண்டில் ஐந்தில் இருந்தது.

வியாழக்கிழமை அந்தப் படிவத்தை மேடத்தால் படிக்க முடியவில்லை. என்னைத்தான் கூப்பிட்டார்கள். பத்துப் பேர் உட்கார்ந்திருந்த மேசை முன்னால் நின்று, ஒவ்வொரு துண்டாக நான் படித்தேன். எழுபத்து மூன்று நாலாவது இடத்துக்கு ஏறியது. முப்பத்தொன்று பதின்மூன்றாவது. அதோடு அதன் பெயரை யாரும் எடுக்கவில்லை. விதியை மீறியதற்கு இவருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதை வங்கிப் புத்தகத்தோடு வைத்திருக்கிறார். ஓடைக் கரையில் குவித்திருந்த கல்லை லாரியில் திரும்ப ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று கேள்வி.

குளத்துக்கு அவர் போவது நிற்கவில்லை. இப்போது நானும் போகிறேன். முப்பத்தொன்றுக்குப் படிவம் எதுவும் கிடையாது, யாரும் கேட்பதுமில்லை. ஐந்து வருடம் கழித்துப் பட்டியலைத் திரும்ப எடுப்பார்கள் அல்லவா, அதற்காக நானே ஒரு நோட்டில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். அவர் பார்த்துச் சொல்வார், நான் எழுதுவேன். காய்ச்சலில் அவர் படுத்த மூன்று நாளும், மகளைப் பார்க்கப் போயிருந்த ஒரு வாரமும் நோட்டில் காலியாக இருக்கிறது. கை துறுதுறுக்கத்தான் செய்தது. விட்டுவிட்டேன்.

போன மாதம் பணிமனையை விரிவாக்க இயந்திரம் வந்து தென்கரையை வெட்டியது. மறுநாளிலிருந்து பதினெட்டு நாள் பூஜ்யம். இன்று காலை அவர் கரையை இரண்டு தடவை சுற்றி வந்தார். பிறகு மூக்கைத் தேய்த்துக்கொண்டு, "நீ ஒரு தடவை மோந்து பாரேன்" என்றார்.

இறங்கிப் போய், ஒவ்வொரு கல்லாகக் குனிந்து பார்த்தேன். டீசல் வாசனை அடித்தது. திரும்பி வந்து பத்தொன்பதாவது பூஜ்யத்தைப் போட்டேன்.